பின்பக்கம் அச்சாகாத வாக்குத்தத்த அட்டை

கோயில், தர்கா என்று கொங்கு நாடு முழுக்கச் சுற்றி எழுதுகிறீர்களே, ஒரு சர்ச்சுக்காவது போனீர்களா என்று இந்தப் பக்கத்தில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். என்னோடு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் எஸ்தரிடம் சொன்னேன். "ஜனவரி ஒண்ணாந்தேதி எங்க ஊருக்கு வாங்கக்கா, அட்டை எடுக்கறதப் பாக்கலாம்" என்றாள். போனேன்.

கோவை உக்கடத்தில் காலை 7.10-க்கு சூலூர் டவுன் பஸ். சுமார் இருபது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பெண்களுக்கு இலவசம். ஆண்கள் சில்லறையோடு ஏறுங்கள், கண்டக்டர் திட்டினால் நான் பொறுப்பில்லை. சூலூரிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோ 150 ரூபாய். "குளத்துமேடுங்களா? பொங்கல் கழிச்சு அங்க ஊடே இருக்காதுங்க, இடிக்கப் போறாங்க" என்றார் டிரைவர். குளத்து நிலத்தில் கட்டிய வீடுகளாம். குளங்களை மீட்டே ஆக வேண்டும் என்று இதே பக்கத்தில் நீட்டி முழக்கினவள் நான்.

எஸ்தரின் அக்கா மேரி சர்ச் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க அம்மணி, சாப்டீங்களா?" தறி ஓட்டுகிறவர், கணவர் இல்லை. இடிபடும் வரிசையில் முதல் வீடு அவருடையது. மாற்று வீடு முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து தறிக்கு எப்படி வந்துபோவது என்பதுதான் அவர் பேச்சு முழுக்க.

இனி அட்டை. புது வருட ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் பைபிள் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைக்கிறார்கள். கைக்கு வருவதுதான் அந்த வருடத்துக்கு உங்களுக்கான வாக்குத்தத்தம், அதாவது கடவுள் தரும் வாக்கு. மாற்றிக்கொள்ளக் கூடாது. எப்போதும் ஆசீர்வாதமாகவே வருமாம். ராசிபலனில்கூட நாலுக்கு ஒன்று மோசமாக இருக்கும், இதில் அந்தப் பயமே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் பாஸ்டர் அதில் கை வைத்துவிட்டார். இளவயதுக்காரர், நல்ல குரல். எபிரேயத் தீர்க்கதரிசிகள் நகரம் விழும் என்று கத்தினார்கள், அதே வாயால் அந்த மண்ணில் மறுபடி வீடு கட்டுவீர்கள், திராட்சை நடுவீர்கள் என்றும் சொன்னார்கள், நாம்தான் இனிப்பை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்கிறோம் என்றார். அதனால் அட்டையின் முன்பக்கம் தண்டனை, பின்பக்கம் நம்பிக்கை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எனக்கு வந்த அட்டை, ஏழைகளை அற்பக் காசுக்கு விற்றவர்களை வெளுத்து வாங்கியது. பின்பக்கத்தில், பாழான பட்டணங்களில் ஜனங்கள் திரும்பக் குடியேறுவார்கள் என்றிருந்தது. மேரி அக்காவின் முறை வந்தது. வெள்ளையடித்த சுவரை அஸ்திவாரம் தெரிய இடித்துப்போடுவேன் என்று முன்பக்கம். திருப்பினார். வெறும் வெள்ளை.

"அட கடவுளே" என்றாள் எஸ்தர். பின் பெஞ்சில் யாரோ, "சாமியே சொல்லிப்போட்டாரு" என்று முணுமுணுத்தார்கள்.

பாஸ்டர் ஓடி வந்தார். "ஐயோ, ஜெராக்ஸ் கடையில ஒரு பக்கம் மட்டும் அடிச்சிருக்காங்கக்கா. வேற எடுத்துக்கோங்க."

"வந்தது வந்ததுதானுங்க. கெட்டதா வந்தா மாத்தலாம்னா அப்புறம் என்ன நம்பிக்கை?" மேரி அக்கா பையிலிருந்து பேனாவை எடுத்தார். "முன்பக்கம் நடக்கத்தான் போகுது, தேதி குடுத்துட்டாங்க. பின்பக்கத்தை நீங்க எழுதுங்க. வசனம் வேண்டாமுங்க. அன்னிக்குக் காலையில எங்கூட வந்து நிப்பீங்களா மாட்டீங்களா? நிப்பீங்கன்னா பேரை எழுதுங்க."

பாஸ்டர் பேனாவை வாங்கினார். பிரசங்கம் செய்யும்போது இருந்த தெம்பு முகத்தில் இல்லை. எழுதினார். அடுத்து எஸ்தர், அப்புறம் தறிப்பட்டறை ஆட்கள் சிலர். பாதிப் பேர் பிரியாணி அண்டாவைப் பார்க்கப் போய்விட்டார்கள். குறை சொல்ல மாட்டேன், எனக்கும் போகலாம் போலத்தான் இருந்தது.

"நீங்க வெளியூரு, உங்களைக் கேக்கக் கூடாதுங்க" என்றார் மேரி அக்கா. ஆனால் அட்டையை நீட்டியபடிதான் சொன்னார். குளம் குளமாக வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்காக ஒரு பொம்பளை பீரோவைத் தனியாகத் தெருவில் இறக்கி வைக்க வேண்டுமா என்ன? எழுதினேன்.

போக நினைப்பவர்களுக்கு: இடிக்கும் நாள் பொங்கல் கழிந்து வரும் திங்கட்கிழமை. 7.10 பஸ்ஸில் வந்தால் நேரமாகிவிடும், முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். குடிக்கத் தண்ணீர், காலுக்கு ஷூ. கேமராவோடு வேடிக்கை பார்க்க யாரும் வர வேண்டாம். சாமான் தூக்குகிறவர்கள் வாருங்கள். அட்டையில் இன்னும் இடம் இருக்கிறது.