பன்னிரண்டு முக்கோணங்களும் என் ஸ்டீம் அயனும்

போன சனிக்கிழமை நான் பன்னிரண்டு முக்கோணங்களைக் கெடுத்துவிட்டேன், பிள்ளைகளே.

கணக்குப் பாடத்தில் வருபவை அல்ல. துணி முக்கோணங்கள். என் மகள் அபிஷா வெட்டி வைத்தவை. பதின்மூன்று வயது அவளுக்கு. குயில்ட் தைக்கிறாள்... சின்னச் சின்னத் துணித் துண்டுகளைப் பொருத்தித் தைக்கிற போர்வை, தெரியும்தானே?

அந்தத் துண்டுகள் ஒரு நீல ஹவுஸ்கோட்டிலிருந்து வந்தவை. வெள்ளைப் பூப்போட்ட பருத்தி. அவளுடைய அம்மா வீட்டில் உடுத்தியது. அம்மா போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய உடுப்புகளில் எங்களிடம் மிஞ்சியது அந்த ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை அபிஷா தமிழ் வகுப்புக்குப் போய்விட்டாள். முக்கோணங்கள் சாப்பாட்டு மேசையில் சுருங்கிக் கிடந்தன. நான் இங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு லோண்டரியில், அதாவது சலவைக் கடையில், பத்தொன்பது வருடமாக அயன் பிடிக்கிறவன், இஸ்திரி போடுகிறவன். சுருக்கத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

எங்கள் லோண்டரியில் ஒரே ஒரு வழிதான். ஸ்டீமை முழுதாகத் திற. ஒரு கையால் துணியை இழு. மற்றக் கையால் அயனை ஓட்டு. அப்படியே செய்தேன். பிள்ளை வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு.

வந்தாள். பார்த்தாள். முக்கோணங்களை வெட்ட வைத்திருந்த காகித அளவை எடுத்து ஒரு துண்டின் மேல் வைத்தாள். துணி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஓரமெல்லாம் பொரித்த அப்பளம்போல நெளிந்திருந்தது.

"அப்பா, ஸ்டீம் போட்டனீங்களா?"

"ஓம் பிள்ளை. வடிவா நிமிந்திட்டுது, பாரன்."

"நிமிரேல்லை, இழுபட்டுப் போச்சு! ஹூ டோல்ட் யூ டு டச் இட்?"

"நான் பத்தொன்பது வருசமா அயன்..."

"ஷேர்ட்டுக்கு! இது ஷேர்ட் இல்லை அப்பா!"

அவள் சொன்னது சரி. துணியை அதன் நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டினால் அந்த ஓரம் ரப்பர்போல இழுபடும். அதில் ஆவியும் ஏறி, அயனும் இழுத்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் லோண்டரிக்கு யார் முக்கோணம் கொண்டு வருகிறார்கள்?

"பரவாயில்லை, வேற துணி எடுத்து..." என்றேன். அதுதான் நான் விட்ட இரண்டாவது பிழை.

"வேற துணி எங்க இருக்கு? எல்லாத்தையும் நீங்கதானே குடுத்தனீங்கள்! என்னட்டக் கேட்டனீங்களா? நான் ஸ்கூலால வரேக்க குளோசெட் எம்டி. இது ஊத்தை உடுப்புக் கூடைக்குள்ள கிடந்தபடியாத் தப்பினது. இப்ப இதையும்..."

முடிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உண்மைதான், பிள்ளைகளே. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த அன்று, ஒஷாவாவிலிருந்து வந்திருந்த மச்சாள், அதாவது என் மனைவியின் அக்கா, சொன்னார்: "உடுப்புகளை வீட்டில வைச்சிருக்காதேங்கோ. பிள்ளை பாத்துப் பாத்து அழும்." அடுத்த நாளே ஆறு கறுப்புப் பைகளில் கட்டினேன். கடைகள் இருக்கிற பிளாசாவுக்குப் பக்கத்து நன்கொடைப் பெட்டிக்குள் தள்ளினேன். அபிஷா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வந்து கேட்டபோது, 'உனக்காகத்தான் குடுத்தனான்' என்றேன்.

மச்சாள் சொன்னது பிள்ளைக்காக. நான் செய்தது எனக்காக. அந்த அலுமாரியைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது. இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கதவைத் தட்டினேன். கதவுக்கு வெளியே நின்றே சொன்னேன். "பிள்ளை, உனக்காகக் குடுத்தனான் எண்டு சொன்னது பொய். எனக்குத்தான் அதுகளைப் பாக்க ஏலாமல் இருந்தது. உன்னட்டக் கேட்டிருக்க வேணும்."

கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஓம். கேட்டிருக்க வேணும்."

அவ்வளவுதான். 'இட்ஸ் ஓகே' என்று அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? ஓகே இல்லையே!

பிறகு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் தலைமுடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே போத்தல். "ஸ்டீமை ஓஃப் பண்ணுங்கோ. முழுசா."

ஒரு பழைய படுக்கை விரிப்பில் பென்சிலால் சரியான முக்கோணத்தைக் கீறினாள். கெட்ட துண்டை அதன்மேல் வைத்து, தூறல்போலத் தண்ணீர் தெளித்தாள். விரல் நுனியால் ஓரங்களைக் கோட்டுக்குள் மெதுவாகத் தட்டித் தட்டி ஒதுக்கினாள். என் வேலை, அயனை மேலே வைத்துப் பத்து வரை எண்ணி, அப்படியே நேராகத் தூக்குவது.

"தள்ளாதேங்கோ அப்பா!"

"தள்ளேல்லை."

"தள்ளுறீங்கள். நான் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன்!"

பத்தொன்பது வருடமாக அயனை முன்னும் பின்னும் ஓட்டிப் பழகிய கை, பிள்ளைகளே. அதை அசையாமல் பிடிக்க எனக்கு வியர்த்துவிட்டது. போத்தல் என்றால் தண்ணீர் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று நாம் பார்த்துத் தெளிக்கலாம். ஸ்டீம் யாரையும் கேட்பதில்லை... என்னைப் போலத்தான்.

ஒன்பது முக்கோணங்கள் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வந்தன. மூன்று வரவில்லை. நான் விடாமல் நனைத்துக்கொண்டிருந்தேன். அபிஷாதான் என் கையைப் பிடித்தாள். "விடுங்கோ அப்பா. அது ஏலாது."

உங்களுக்கும் உதவி செய்யப் பெரியவர்கள் வருவார்கள். அன்போடுதான் வருவார்கள். அதனால்தான் அவர்களைத் தடுப்பது கஷ்டம். ஆனாலும் தடுங்கள். 'முதல் என்னட்டக் கேளுங்கோ' என்று சொல்லுங்கள். நாங்கள் கோபிப்போம். பரவாயில்லை, சொல்லுங்கள்.

மேசையைத் துடைக்கப் போனபோது அந்த மூன்று துண்டுகளையும் கையில் எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

"இதுகளை என்ன செய்ய, பிள்ளை?"

"தெரியேல்லை. யோசிக்கோணும்."

இன்னும் மேசையில்தான் இருக்கின்றன. சாப்பிடும்போது அவற்றில் படாதபடி என் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன்.