மேசைக்கு அடியில் ஒரு வாளி

பொம்மனஹள்ளியில் ஓர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் கிளினிக் நடத்துகிறேன். அன்று காலை எங்கள் அசோசியேஷன் செயலாளர் மறுபடியும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு மூச்சு இரைத்தது. நெபுலைசர் வைத்தேன்.

"போன வாட்டி குடுத்தது பத்தல டாக்டர். டோஸ் கொஞ்சம் ஏத்திக் குடுங்க."

எழுதப் போனபோது ஜன்னல் வழியாகப் புகை வந்தது. வெளியே காய்ந்த இலையும் பிளாஸ்டிக்கும் எரிந்துகொண்டிருந்தன. தினமும் எரிப்பார்கள், எரிக்கச் சொன்னவரே இவர்தான். நானும் அதைப் பார்த்துக்கொண்டேதான் டோஸை ஏற்றி வந்திருக்கிறேன்.

பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தேன். வாளி நிறையத் தண்ணீர் பிடித்துப் போய் நெருப்பின் மேல் கொட்டினேன்.

அவர் வாசலில் நின்று கத்தினார். "நீங்க வைத்தியத்த மட்டும் பாருங்க மேடம். இது அசோசியேஷன் மேட்டர்!"

"வைத்தியந்தான் சார் பாக்குறேன். உங்க பொண்ணுக்கு மொத மருந்து இதுதான்."

மறுவாரமே கிளினிக்கைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. காலி செய்வதாக இல்லை. இப்போதெல்லாம் மூச்சுத் திணறலோடு யார் வந்தாலும், அவர்கள் வீட்டுப் பக்கத்தில் என்ன எரிகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். வாளி என் மேசைக்கு அடியிலேயே இருக்கிறது, தளும்பத் தளும்ப.