பிறப்புகள் வரிசையில் அப்பா

கோர்படியில் நான் படித்த பள்ளியின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் அதில் ‘தின்விசேஷ்’ எழுத வேண்டும். அந்தத் தேதியில் பிறந்த பெரியவர்கள், இறந்தவர்கள், நடந்த சம்பவங்கள். மராட்டியப் பள்ளிகளில் பிரார்த்தனைக்கு அடுத்த சடங்கு அது. ஏழாம் வகுப்பில் ஒரு வாரம் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. தேதிகளைத் துரத்தும் வியாதி என்னைப் பிடித்ததும் அந்த வாரம்தான்.

வியாழக்கிழமையில் சிக்கல். ஆசிரியை கொடுத்த புத்தகத்தில் அந்தத் தேதிக்கு இரண்டு மரணங்களும் ஓர் ஒப்பந்தமும் இருந்தன, மூழ்கிய கப்பல்கூட ஒன்று இருந்தது. பிறப்பு மட்டும் இல்லை. அன்றைக்கு உலகத்தில் உருப்படியாக ஒருவரும் பிறக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் முழுக்க ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன், மூடினேன், மறுபடியும் புரட்டினேன்.

“எதுக்குடி இப்படி அலையறே?” என்றாள் அம்மா. சொன்னேன். பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தாமலே, “உங்கப்பா பொறந்தது நாளைக்குத்தான். எழுதிக்கோ,” என்றாள்.

ரேஷன் கார்டில் ஜூன் ஒன்று என்றல்லவா இருக்கிறது என்று கேட்டேன்.

“அது வாத்தியார் போட்ட தேதி. ஸ்கூல்ல சேர்க்கறப்போ ரெண்டு வயசையும் குறைச்சுட்டார். நாளையோட அவருக்கு அறுபது முடியுது. ஊர்ல எல்லாரும் அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கறாங்க.”

அறுபதைக் கழித்து ஆண்டைக் கண்டுபிடித்தேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் அம்மாவும் பள்ளிக்குக் கிளம்பினாள். கொத்தமல்லி வாங்க வேண்டுமாம். கொத்தமல்லி விற்பவர் எதிர்த்திசையில் உட்கார்ந்திருப்பார். நான் எழுதி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாள். அம்மாவுக்கு மராட்டி படிக்கத் தெரியாது.

“அப்பா பேரு எந்த வரி?”

பெயரையும் பக்கத்தில் எழுதிய ஆண்டையும் காட்டினேன். புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். “எழுத்து நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இங்கே பிள்ளைகளின் பெயருக்கு நடுவில் தகப்பன் பெயர் வரும். ஆகவே அது யாருடைய பெயர் என்று பள்ளியில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. தன் மகனைப் பள்ளியில் விட வந்த அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவரும் படித்திருக்கிறார்.

பத்தரை மணி இடைவேளையில் அப்பாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. வேலை நேரத்தில் அவரை வெளியே நான் பார்த்ததே இல்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கைக்குட்டையால் பிறப்புகள் வரிசையை அழித்தார்.

“யார் சொன்னா?”

“அம்மா.”

தெருவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். “யாராவது போட்டோ எடுத்தாங்களா?” என்றார். தெரியாது என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. வண்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்து, எதுவும் மிச்சமில்லாத அந்த வரிசையை இன்னொரு முறை துடைத்தார்.

சாயங்காலம் அவர் உட்காரவே இல்லை. போன் அடித்தபோதெல்லாம் ஜன்னலைச் சாத்தினார்.

“குழந்தைக்குக் கணக்கு வராதுன்னு ஆபீஸ்ல சொல்லிச் சமாளிச்சிருக்கேன்,” என்றார் அம்மாவிடம். கணக்கில் நான் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தேன். “அறுபது ஆச்சுன்னு தெரிஞ்சா இந்த மாசமே ரிட்டயர் பண்ணி அனுப்பிடுவான். பெரியவ இப்பத்தான் காலேஜ்ல காலெடுத்து வெச்சிருக்கா. இதுக்குத்தானே அறுபதாம் கல்யாணம், ஹோமம் ஒண்ணும் வேண்டாம்னேன்? இவகிட்ட போய் ஏன் சொன்னே?”

“வாய்தவறி வந்துடுச்சு,” என்றாள் அம்மா. “பாயசம் ஆறுது. குடிங்க.”

பாயசம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நின்றபடியே குடித்தார்.

அம்மாவிடம் எதையும் சொல்லி வைக்கக் கூடாது, அவள் வாயில் ஒன்றும் தங்காது என்று அன்று நான் முடிவு செய்தேன். கல்யாணமானது முதல் அந்தத் தேதி அவளுக்குத் தெரியும் என்பதையும், அத்தனை வருடமும் அது ஒருவரிடமும் தவறி விழவில்லை என்பதையும் யோசித்துப் பார்க்கும் வயது எனக்கில்லை.