குளிர்பெட்டிக் கம்ப்யூட்டருக்கு ஒரு வரி

ஆஸ்பத்திரி முழுக்க அவளை 'ஒத்தப்பக்கம்' என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அவளும் கொஞ்ச நாள் ரோஷப்பட்டுப் பார்த்தாள். அப்புறம் அலுத்துப்போய், அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

பேர் வந்த கதையைக் கேளுங்கள். அங்கே அறுநூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றிலும் போட வேண்டிய செட்டிங் மட்டும் நூறு தேறும். எத்தனை நிமிஷம் தொடாமல் விட்டால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும், அப்டேட் எந்தக் கிழமை, பாஸ்வேர்டு எத்தனை எழுத்து, யார் எதைத் திறக்கலாம் என்று போய்க்கொண்டே இருக்கும். இதையெல்லாம் எழுதி வைக்க ஆஸ்பத்திரிக்குள் ஒரு வலைத்தளம் இருந்தது. அதில், அடேயப்பா, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்! வந்தவன் போனவன் எல்லாம் எழுதிவிட்டுப் போனது. பிரிண்டரைச் சேர்ப்பது எப்படி என்று மட்டும் ஏழு பக்கம் இருந்தது. அதில் ஒன்று சரி, இரண்டு பழசு, மிச்சம் நாலும் யார் எந்தத் தூக்கக் கலக்கத்தில் எழுதினார்களோ தெரியாது. கம்ப்யூட்டர் போடப் போகிற ஆள் எந்தப் பக்கம் முதலில் கண்ணில் படுகிறதோ அதன்படி போட்டுவிட்டு வருவான்.

கொள்முதல் பிரிவில் டைப் அடித்துக்கொண்டிருந்தவளை, "உனக்குத்தாம்மா பொறுமை இருக்கு" என்று சொல்லி மேனேஜர் தூக்கி இந்த வேலையில் போட்டார். பொறுமையாவது ஒன்றாவது. அவளுக்கு இருந்தது பிடிவாதம். ஒரு விஷயம் ஒரு பக்கத்தில்தான் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் அந்தப் பக்கத்துக்குப் போகிற வழி மட்டும் இருந்தால் போதும் என்றாள். இரண்டு பக்கம் ஒன்றையே சொன்னால் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிட்டு ஒன்றைத் தீர்த்துக்கட்டுவாள். பதினோரு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு தொண்ணூற்று நாலாகக் குறைந்தது. மூன்று மாசத்துக்கு ஒரு முறை தொண்ணூற்று நாலையும் திறந்து, எழுதியிருப்பதும் கம்ப்யூட்டரில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுவாள். தப்பு தெரிந்தால் தெரிந்த நிமிஷமே திருத்திவிட்டுத்தான் மறுவேலை.

வீட்டிலும் அப்படித்தான். அவளும் அவள் அக்காவும் மட்டும் இருந்த வீடு அது. அக்கா முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தாள். "இவ இருக்கற வீட்டுல ரெண்டு கத்தரிக்கோல் வெச்சுக்க முடியாது, ஒண்ணத் தூக்கிப் போட்டுருவா" என்று துணி தைக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சும்மா சொல்லக்கூடாது, ஒரு தடவை தூக்கியும் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளோடு மல்லுக்கு நின்ற ஒரே ஆள் கேபிள் அண்ணன். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் வைத்து, ஒயர் மாட்டி, செட்டிங் போட்டுவிட்டு வருவது அவர் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டு இருக்கும். முப்பது வருஷத்து அனுபவமும் எறும்பு எழுத்தில் அதில் இருந்தது.

"அண்ணே, நோட்டுல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணுன்னு இருந்தா என்னிக்காவது வம்புல முடியும். இருக்கறத எல்லாம் எங்கிட்ட குடுங்க, நான் ஏத்திடறேன்."

"என் நோட்டு உன்னை என்னம்மா பண்ணுச்சு? அது பாட்டுக்குப் பையில தூங்குது."

ஒரு வருஷம் விடாமல் நச்சரித்தாள். கடைசியில், "இந்தா தாயே, ஆள விடு" என்று நோட்டை அவள் மேஜையில் போட்டார். அவள் வரி வரியாக ஏற்றினாள். அதில் ஒரு வரி ரத்தப் பரிசோதனை அறையைப் பற்றியது. அங்கே நோயாளிகளின் மாதிரிகளை வைக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. பெட்டியின் குளிர் குறைந்தால் அது மணி அடித்துக் கூப்பிடும். 'இதை மட்டும் தூங்க விடாதே' என்று அண்ணன் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். மற்ற கம்ப்யூட்டர்களை அரை மணி தொடாமல் விட்டால் அவை தானாகத் தூங்கிவிடும்படி போடுவது வழக்கம். இது தூங்கினால் மணி அடிக்க ஆள் கிடையாது. அந்த வரியைப் பரிசோதனை அறைப் பக்கத்தின் கடைசியில், பதினோராவது வரியாகப் போட்டாள். எல்லாம் ஏறியதும் நோட்டைக் காகிதம் அரைக்கிற மெஷினில் கொடுத்துவிட்டாள். "இனிமே எனக்குப் பக்கம்தான் கண்ணு" என்றார் அண்ணன். சொன்னபடி நடந்தும் காட்டினார். எந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் பக்கத்தைத் திறந்து, விரல் வைத்துப் படித்து, அதன்படிதான் போடுவார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை, பரிசோதனை அறைப் பக்கமும், எல்லாக் கம்ப்யூட்டருக்குமான பொதுப் பக்கமும் ஒன்றுபோல இருப்பது அவள் கண்ணில் பட்டது. ஒப்பிட்டாள். முதல் பத்து வரியும் அச்சு அசல். அந்த நேரம் பார்த்து பிரசவ வார்டிலிருந்து போன். பாஸ்வேர்டு பூட்டிக்கொண்டதென்று ஒரு நர்ஸ் குய்யோ முறையோ என்று கத்தினாள். அதை முடித்துக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், பார்த்தாகிவிட்டது என்ற நினைப்பில் பரிசோதனை அறைப் பக்கத்தை அழித்தாள். பதினோராவது வரியும் அதோடு போயிற்று. பதினோரு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை. யாரிடம் சொல்லி அழுவது?

சில வாரத்தில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. அண்ணன் புதுசை வைத்தார். பொதுப் பக்கத்தைத் திறந்து, அதில் உள்ளபடி அரை மணியில் தூங்குகிற மாதிரி போட்டார். நோட்டைக் கொடுத்த நாளிலிருந்து எதையும் நினைவில் வைத்துக்கொள்வதையே அவர் விட்டிருந்தார். வேலை நாட்களில் யாராவது ஒருவர் கை அதன்மேல் பட்டுக்கொண்டே இருக்கும், அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் குளிர்பெட்டியின் மோட்டார் நின்றது. கம்ப்யூட்டர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. திங்கள் காலை திறந்து பார்த்தால் நாற்பது பேருடைய மாதிரிகள் வீண். அதில் பெரும்பாலும் கைக்குழந்தைகள். அந்தப் பிஞ்சுக் கைகளில் மறுபடி ஊசி குத்த வேண்டும் என்று தாய்மார்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

சேதி அவள் மேஜைக்கு ஒன்பது மணிக்கு வந்தது. பொதுப் பக்கத்தைத் திறந்தாள், வரி இல்லை. அடுத்து அவள் செய்ததைத்தான் அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அந்த வரியை எழுதிச் சேர்த்துவிட்டாள். மறைக்க வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. தப்பு தெரிந்த நிமிஷமே திருத்துவது பதினோரு வருஷத்துப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. மணி ஒன்பது பத்து.

பதினோரு மணிக்கு எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேனேஜர் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டார். "குளிர்பெட்டிக் கம்ப்யூட்டரைத் தூங்க விடக்கூடாது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"நான் போட்டப்போ இந்த வரி இல்ல சார்" என்றார் கேபிள் அண்ணன்.

"என்னய்யா சொல்றே? கண்ணு முன்னாடி இருக்கே!"

அண்ணன் எழுந்து திரைக்குக் கிட்டே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, இது இருந்துச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். "ஒத்தப்பக்கம் எழுதுனதுல என்னிக்குய்யா குத்தம் இருந்திருக்கு?" நாலு பேர் சிரித்தார்கள். அவள் சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. குனிந்து மேஜையைப் பார்த்தாள். நாற்பத்தேழு வயசில் இந்த வேலை போனால் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற பயம் ஒரு பக்கம், தன் பக்கத்தில் தப்பு என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். வெட்கம்தான் பெரிசாக இருந்தது என்று பின்னால் அக்காவிடம் ஒப்புக்கொண்டாள்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். "அப்ப நான்தான் கவனிக்கல போல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருந்த மனுஷரை அன்று மத்தியானமே சஸ்பெண்ட் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்று வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. போனாள், வந்தாள். தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது ஞாயிறு அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "சொல்லித் தொலை" என்றாள். சொன்னாள்.

"நான் பொய் சொல்லலக்கா."

"உண்மையச் சொன்னியா?"

அவள் அழுதாள். அக்கா தேற்றவில்லை. "அழுது முடிச்சுட்டு மூஞ்சியக் கழுவு. நாளைக்குக் காலைல போய் அந்த மேனேஜர்கிட்ட சொல்லு. வேலை போனா நீ பட்டன் கட்டு, நான் தைக்கறேன்."

ஒரு பக்கத்தை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்ற சரித்திரம் முழுக்க அந்தத் தளத்தில் பத்திரமாக இருக்கும். அப்படி ஒன்று இருப்பது அவளைத் தவிர ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது. திங்கள் காலை அதை அச்செடுத்து மேனேஜர் முன்னால் வைத்தாள். புதன்கிழமை அழித்தது ஒரு தாளில், ஒன்பது பத்துக்குச் சேர்த்தது இன்னொரு தாளில். இரண்டிலும் அவள் பேர்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"பயம் சார்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள், கத்தவில்லை. அவளுக்கு ஒரு மெமோ, அண்ணனுக்கு சஸ்பென்ஷன் ரத்து என்று அன்றே உத்தரவு எழுதினார். தபாலில் அனுப்பப் போனதை, "நானே கொண்டுபோய்க் குடுக்கறேன் சார்" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டாள்.

கதவைத் திறந்தது அண்ணன் மனைவி. "வாம்மா" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே குரலைத் தாழ்த்தினாள். "அவர்கிட்ட அதிர்ச்சியா ஒண்ணும் சொல்லிடாதே. நரம்பு டாக்டர்கிட்ட காட்டியிருக்கோம்."

"ஏன் அண்ணி, என்ன ஆச்சு?"

"மூளை மங்குதுன்னு பயப்படறார்ம்மா. கண்ணு முன்னாடி இருக்கற எழுத்து தெரியலயாம், இல்லாதது இருந்த மாதிரி தோணுதாம். வண்டி சாவிய அவரே எங்கிட்ட குடுத்துட்டார். டாக்டர் நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னாராம், பதட்டத்துல எண்பத்தாறுலயே நின்னுட்டார். பொண்ணுக்கும் சொல்லிட்டோம். அதுலேருந்து அவ குழந்தைய இவர் மடியில விடறதில்ல."

வேலையைப் பறித்தோம் என்றுதான் மூன்று வாரமாகத் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். இதை அவள் கனவிலும் நினைக்கவில்லை. உள்ளே அண்ணன் ஜன்னலோரம் பேப்பர் வைத்துக்கொண்டு விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். புதன்கிழமை, போன், அழித்தது, ஒன்பது பத்து, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது, ஒன்றையும் விடவில்லை. இரண்டு தாளையும் உத்தரவையும் நீட்டினாள்.

அண்ணன் உத்தரவைத் தொடவே இல்லை. அந்த இரண்டு தாளையும் வாங்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப அன்னிக்கு அந்த வரி இல்லதான?"

"இல்லண்ணே."

"அப்ப... எனக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகிற வழியில் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அண்ணன் திட்டவில்லை. வேலைக்குத் திரும்பி வந்தார். டாக்டரும் மறுபடி பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஒரு கம்ப்யூட்டரை வைக்க இருபது நிமிஷம் எடுத்தவருக்கு இப்போது அரை நாள் ஆயிற்று. போட்டதையே திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார். பக்கத்தில் யார் இருந்தாலும், நர்ஸோ, தரை துடைக்கிற அம்மாவோ, "இங்க என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிங்க" என்பார்.

ரிட்டயர் ஆக ஒரு வாரம் இருந்தபோது எலும்பு வார்டுக்கு ஏதோ வேலையாகப் போனவளைக் கூப்பிட்டார். "வாம்மா, இத ஒரு தடவை படிச்சுச் சொல்லு."

அவள் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவ்வளவுதானா? கீழ வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லண்ணே." பிறகு அடக்கமாட்டாமல் சொன்னாள், "அண்ணே, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என்னோடது."

"தெரியும்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. "டாக்டரும் அதத்தான் சொன்னார். எதுக்கும் இன்னொரு தடவை, முதல் வரியிலேருந்து படி."

அவள் முதல் வரியில் விரலை வைத்தாள்.