ஒருவரிடம் சோதித்த மணி

எங்கள் பள்ளியிலிருந்து வெளிநாட்டு அறிவியல் கண்காட்சிக்கு இரண்டு பெண்பிள்ளைகள் தேர்வானபோது, துணைக்கு ஒரு ஆசிரியை கட்டாயம் வரவேண்டும் என்று விதி வந்தது. மாதக்கணக்கில் அந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவன் அறிவியல் வாத்தியாரான நான்; நான் கூடப் போவது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஆனால் ஆசிரியைகளில் பாஸ்போர்ட் வைத்திருந்தது தையல் டீச்சர் மட்டும்தான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அறிவியல் போட்டிக்கு ஊசி நூலோடவா போறது?" என்று தலைமையாசிரியையிடமே கேட்டுவிட்டேன்.

"அந்த பாஸ்போர்ட் எதுக்கு எடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியும் சார். வாயைக் கொஞ்சம் அடக்குங்க" என்றார் அவர்.

தெரியும். பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். ஒரே மகளைச் சிகிச்சைக்காக வெளிநாடு கூட்டிப்போக எடுத்தது. விசா வருவதற்குள் பிள்ளை போய்ச்சேர்ந்துவிட்டாள். இந்தப் பிள்ளைகளின் வயதுதான் அப்போது அவளுக்கும். அதன் பிறகு டீச்சர் பள்ளிக்கு வருவார், பொத்தானுக்குக் காஜா எடுக்கச் சொல்லித்தருவார், சாயங்காலம் வீட்டுக்குப் போவார். சிரிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது. ஆறுதல் சொல்லப் போனவர்களிடம் "சரி" என்பார். அந்தச் 'சரி'க்கு மேல் பேச்சை வளர்க்க யாராலும் முடிந்ததில்லை.

பிள்ளைகளில் ஒருத்தி வாயாடி. இன்னொருத்தி நெட்டை, பேசச் சொன்னால் கூரையைப் பார்ப்பாள். இருவரும் செய்த கருவி சின்னதுதான். நோயாளிக்கு ஏற்றும் டிரிப்ஸ் பாட்டில் தீரப்போகும்போது எடை குறையும், ஸ்பிரிங் மேலே ஏறும், மணியடிக்கும். வாயாடியின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மா அசந்து தூங்கிவிட, காலி பாட்டிலின் குழாயில் ரத்தம் ஏறிவிட்டதாம். அந்தப் பயத்தில் பிறந்த யோசனை. பாட்டிலைத் தாங்கும் துணிப்பட்டையைத் தைத்துக்கொடுத்தது தையல் டீச்சர். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் அதிகாரி அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார். இந்தப் பயணத்து விசாவைத் தவிர எல்லாப் பக்கமும் வெறுமை. "முதல் பயணமா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். டீச்சர் அந்த முத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

தங்கும் விடுதிக்கு வந்ததும் வாயாடி கருவியை மாட்டி, மணியடித்துக் காட்டி, டீச்சருக்கு மூச்சுவிடாமல் விளக்கினாள். அவர் தான் தைத்த பட்டையைத் தொட்டுப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

போட்டிக்கு முந்தைய நாள் மத்தியானம் பிள்ளைகளை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, மேசையைத் தயார்செய்ய நான் அரங்கத்துக்குப் போனேன். டீச்சர் பக்கத்து அறையில் படுத்திருந்தார். நெட்டைக்குக் காலையிலிருந்தே வாந்தி. என்னிடம் சொன்னால் கத்துவேன் என்று இருவரும் மூடி மறைத்திருக்கிறார்கள். கத்தியிருப்பேன்தான். கடைசியில் அவள் குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டாள்.

வாயாடி ஓடிப்போய் டீச்சரின் கதவை இடித்திருக்கிறாள். "டீச்சர்! டீச்சர்!" என்று கத்தியிருக்கிறாள். உள்ளே அசைவே இல்லை. எனக்குப் போன் போட்டாள். அரங்கத்து இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. விடுதிக்காரர்களுக்குப் போன் போட்டாள். இவள் பதறிப் பேசியது அவர்களுக்குப் புரியவில்லை. என்ன தோன்றியதோ, கருவியை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு வந்து, டீச்சர் வாசலில் வைத்து, பாட்டிலை உருவிவிட்டாள். மணி அலறியது.

கதவு படாரென்று திறந்தது. அவிழ்ந்த தலையும் வெறுங்காலுமாக டீச்சர் வெளியே பாய்ந்தார். எதிரில் நின்றவளை அவர் பார்க்கவேயில்லை. "சிஸ்டர்! பாட்டில் முடிஞ்சிருச்சு சிஸ்டர்! யாராவது வாங்களேன்!" என்று கத்திக்கொண்டு அந்த நீள வராந்தாவின் கடைசிவரை ஓடினார். அடுத்தடுத்த அறைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், விடுதிக்காரர்களும் வந்தார்கள். கையில் பாட்டிலோடு அழுதுகொண்டு நின்ற வாயாடியை அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். உள்ளே போனார். நெட்டையை ஒருக்களித்துப் படுக்கவைத்தார், வாயைத் துடைத்தார், நாடி பார்த்தார். இதையெல்லாம் பல தடவை செய்த கை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர்ந்தபோது நெட்டைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆபத்தில்லை என்றார்கள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்ததும் கூடவே கோபமும் வந்தது.

"கதவை அந்த இடி இடிச்சிருக்கா. உங்க காதுல விழவே இல்லையா டீச்சர்?"

"விழுந்துச்சு சார்."

"விழுந்துமா எழுந்திரிக்கல?"

"வீட்டுலயும் கேக்கும். மத்தியானம் கண்ணை மூடினா எம்பொண்ணு கதவைத் தட்டுவா, கூப்பிடுவா. போய்ப் பார்த்தா யாரும் இருக்க மாட்டாங்க. தட்டினா எழுந்திரிக்காத, பேசாம படுன்னு வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி, இப்போ எழுந்திரிக்கிறதில்ல." யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோல் சொன்னார்.

"அப்போ மணிக்கு மட்டும்?"

"எம்பொண்ணு மணி அடிச்சதில்லையே சார்."

ஊசி நூல் என்று சொன்ன வாயைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் வாயாடி தனியாகத்தான் போனாள். நடுவர்கள் வரும் நேரத்தில் பெரியவர்கள் யாரும் அரங்கத்துக்குள் இருக்கக் கூடாது. பிரசவ அறை வாசலில் நிற்கிற புதுப் புருஷன் மாதிரி நான் வெளியே நடந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நெட்டை, தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று அழுதுகொண்டிருந்தாளாம்.

சாயங்காலம் நானும் வாயாடியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டீச்சர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். கண் பாட்டிலிலேயே இருந்தது. தூங்கிய மாதிரித் தெரியவில்லை.

"பரிசு இல்ல" என்றாள் வாயாடி. "ஆனா ஒரு நடுவர் ரொம்ப நேரம் நின்னு கேட்டார். அலுத்துப்போய்த் தூங்கறவங்க இந்த மணிக்கு எழுந்திரிப்பாங்களான்னார். எழுந்திரிப்பாங்கன்னேன். எத்தனை பேர்கிட்ட சோதிச்சீங்கன்னார். ஒருத்தர்கிட்டன்னேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "பத்துப் பேர்னு சொல்லித் தொலைச்சா என்ன?"

"பொய்க்கணக்கு எழுதினா கையை ஒடிப்பேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அப்புறம் அவர், யாரு அந்த ஒருத்தர்னு கேட்டார். எங்க டீச்சர்னேன்."

டீச்சர் திரும்பவில்லை. பாட்டிலில் தண்ணீர் கழுத்துக்கு இறங்கியிருந்தது. அவர் எழுந்து குழாயின் திருகை மூடினார். "போய் சிஸ்டரைக் கூட்டிட்டு வா" என்றார். சிஸ்டர் வந்தார், ஊசியை எடுத்தார், பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் அழுத்திக்கொண்டிருந்தார். நெட்டை மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், பசிக்குது."

'சரி' என்று சொல்லத்தான் டீச்சர் வாயெடுத்தார். சொல் வரவில்லை. பஞ்சோடு அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, அத்தனை வருடமாக யாரும் பார்த்திராத அழுகையை அழுதார். வாயாடிக்கே பேச்சு வரவில்லை. பேசச் சொன்னால் கூரையைப் பார்க்கிற நெட்டைதான் பேசினாள்.

"இங்கதான் டீச்சர் இருக்கேன்."