காரோட்டு வானக்கல்

மலையாளத்து ஆட்சியிலிருந்து தமிழ் ஊர்களைப் பிரிக்கச் சொல்லி எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். நான் பாறசாலைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். விண்கல் என்றால் பைத்தியம். எங்கே யார் மண் வெட்டினாலும் போய் எட்டிப்பார்ப்பேன். கிடைத்ததெல்லாம் கொல்லன் பட்டறைக் கசடுதான்.

ஒருநாள் பக்கத்து ஊரான காரோட்டில் எங்கள் சபைக்காரர் ஒருவர், தன் தோட்டவிளையில் மரச்சீனிக் கிழங்கு போடக் குழி வெட்டும்போது தட்டுப்பட்டதென்று ஒரு கல்லைக் காட்டினார். தேங்காய் அளவுதான், கனமோ, அம்மாடி! உடைந்திருந்த ஓரத்தில் இரும்புக்குள் பச்சைமஞ்சள் மணிகள் பதிந்திருந்தன. கண்ணருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

பாதி இரும்பு, பாதி கல். வானத்திலிருந்து விழும் கற்களில் இந்த ஜாதி மிக அபூர்வம். எப்போதோ உடைந்த ஒரு சின்னக் கோளின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது என்பார்கள். அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவினால் இரும்பில் கோடுகள் தெரியும். அது எவ்வளவு மெதுவாக ஆறியது என்பதை அந்தக் கோடுகள் சொல்லும். நம் பூமியின் வயிற்றுக்குள் யாரும் போய்ப் பார்க்க முடியாதே, அதனால்தான் இதற்கு அத்தனை மதிப்பு. இதையெல்லாம் வெயிலில் நின்று ஒரு மணி நேரம் அவருக்குச் சொன்னேன்.

"அப்போ இது வானத்துல இருந்து வந்ததாக்கும், இல்லியா சாரே?"

"ஆமா அண்ணே, சந்தேகமே வேண்டாம்."

திருவனந்தபுரம் கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியரிடம் காட்ட வேண்டும். ஆனால் பஸ் ஒருநாள் ஓடினால் இரண்டு நாள் ஓடாது. நெய்யாற்றின்கரையில் போலீஸ் பையைத் திறந்து பார்க்கிறது. தமிழன் ஒருவன் பையில் கல் இருந்தால், எறியத்தான் என்று நினைக்காமல் விடுவார்களா? முதுகைப் பதம் பார்த்துவிடுவார்கள். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. நிலைமை அடங்கும்வரை கல்லை அவரே வைத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைச்சலில் முதலாவதைக் காணிக்கையாக வைப்போம்; ஆராதனை முடிந்ததும் ஏலம். வாழைக்குலைக்கும் பூசணிக்காய்க்கும் நடுவே மேசையில் என் கல், கன்னங்கரேலென்று இருந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வானத்துல இருந்து வந்தது கர்த்தருக்கு உள்ளதாக்கும், சாரே. அழுக்கோட வைக்கப்பிடாதுல்லா? கொல்லன் உலையில காலம்பற போட்டு உச்சிக்காக்கும் எடுத்தேன். ஒரு பொட்டு துரு உண்டா, பாருங்க!"

அட பாவி மனுஷா! கோயிலாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். ஏலத்தில் எனக்கு எதிராகக் கேட்க ஆளே இல்லை.

ஒருவழியாகப் பஸ் ஓடியது. பேராசிரியர் கல்லை அறுத்து அமிலம் தடவினார். கோடு ஒன்றும் தெரியவில்லை. மணிகளும் கருகி வெடித்திருந்தன. "இரும்பும் கல்லும் கலந்ததுதான், சந்தேகமில்லை. அது ஆறிய கதையை மட்டும் தீ தின்றுவிட்டது" என்றார். எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்து நேரே காரோட்டுக்குத்தான் போனேன். அவர் விளையில் நின்றிருந்தார்.

"உலையில போட்டு நாசமாக்கிட்டீங்களே அண்ணே!" என்று கத்தினேன்.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். முகம் வாடிப்போயிற்று.

"வானத்தப் பத்தி ஒரு மணி நேரம் சொன்னீங்க, சாரே. தீயில போடப்பிடாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போடுவனா?"

போட்டிருக்க மாட்டார்.