ஸ்லோவில் நிற்காத வண்டி

விக்கிரமங்கலத்தைச் சுற்றி எந்த வீட்டில் பசு பருவத்துக்குக் கத்தினாலும் முதல் போன் ஜெயசித்ராவுக்குத்தான் வரும். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் வேலை. "பொம்பளையா வந்து போடப்போவுது?" என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் இப்போது டாக்டரம்மா என்கிறார்கள். நான் டாக்டர் இல்லைங்க என்று சொல்லிச் சொல்லிச் சலித்து, அவளும் விட்டுவிட்டாள்.

காளை விந்து அடைத்த ஊசிக் குச்சிகளை உறையவைத்திருக்கும் நைட்ரஜன் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு, கணவர் மணிவேலின் பழைய பைக்கில்தான் போவாள். பசு வெகுநேரம் காத்திருக்காது. அன்றைக்குத் தவறினால் அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம் போய்விடும்.

போன மாசியில் வண்டி படுத்தத் தொடங்கியது. ஓடும்போது ஒன்றுமில்லை. வேகத்தடையில் மெதுவானால் என்ஜின் தடதடவென்று ஆடி அணைந்துவிடும். உதைத்து உதைத்து அவள் முழங்கால் வீங்கிவிட்டது.

மெக்கானிக் திருமுருகன் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்தான். "சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுலயே ஓட்டுறீங்கக்கா. தூசி அடைச்சிருக்கு" என்றான். ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றினான். இரண்டு நாள்தான் தாங்கியது. மறுபடி போனபோது இன்னொரு தடவை சுத்தம் செய்துவிட்டு, ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி, நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிவைத்தான். அணைவது நின்றது. ஆனால் நிற்கும் இடத்திலெல்லாம் வண்டி ஆடிக்கொண்டே அலறியது.

கல்லங்குறிச்சியில் காத்தாயி வீட்டு வாசலில், அணைத்தால் திரும்பக் கிளம்பாதோ என்ற பயத்தில் ஓடவிட்டபடியே நிறுத்தினாள். கட்டியிருந்த கிடேரி மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு சோளக்கொல்லைக்குள் ஓடியது. பிடித்துவர ஒரு மணி நேரம்.

"ஏம்மா, மாடு இருக்குற வூட்டுக்கு இப்படியா வண்டிய கொண்டாறது?" என்றாள் காத்தாயி. ஜெயசித்ராவின் முகம் சுண்டிப்போயிற்று.

அன்று சாயங்காலம் வாசலில் வண்டியை ஓடவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சினை நிற்காத மாட்டுக்கு அவள் ஊசிமேல் ஊசி போடுவதில்லை. என்ன தீனி, எப்போது கத்தியது என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான் கேனைத் திறப்பாள். அந்தப் பொறுமை இங்கேயும் வந்தது. காற்றை அடைக்கும் சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்தாள். சூடான என்ஜின் சோக்கில் திணறியிருக்க வேண்டும். இது ஆட்டம் அடங்கிச் சீராக ஓடியது.

"காத்தைக் குறைச்சா நல்லா ஓடுதே" என்றாள்.

மணிவேல் எட்டிப் பார்த்தார். "அப்படின்னா?"

"ஜெட்டைத்தான் ரெண்டு தடவ ஊதியாச்சே. பெட்ரோல் சரியாத்தான் வருது. எங்கயோ காத்து அதிகமா நுழையுதுங்க."

கை கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீரை, கார்புரேட்டரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பரின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள். மேல்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. அடிப்பக்கம் பட்டதும் நுரை உள்ளே இழுபட்டது. என்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. வண்டியை அணைத்து, ஆறவிட்டுத் தடவினாள். முடி இழை போல ஒரு வெடிப்பு விரலில் தட்டுப்பட்டது.

மறுநாள் திருமுருகன் ரப்பரைக் கழற்றி வளைத்துப் பார்த்தான். வெடிப்பு வாய் திறந்தது.

"ரெண்டு தடவயும் இத கையில புடிச்சேன்க்கா. அடியில திருப்பிப் பாக்கல. என் தப்புதான்."

"பரவால்ல தம்பி. எங்க கெடைக்கும்?"

அரியலூர் டவுனுக்கு அவனே போய் வாங்கி வந்தான். புது ரப்பரை மாட்டி, என்ஜினைச் சூடாக்கி, ஸ்லோவைக் குறைத்துக் குறைத்து வைத்தான். வண்டி நின்ற இடத்தில் மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவன் கையைத் துடைப்பதற்குள் ரெட்டிபாளையத்திலிருந்து இராமலிங்கம் போன் செய்தார்.

"காலையிலேருந்து கத்துதும்மா. வந்துருவீங்களா?"

"இதோ கெளம்பிட்டேன்" என்று கேனின் கட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினாள்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வண்டி வந்து நின்றும் மிரளாமல் பசு வேப்பமரத்தடியில் வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. ஜெயசித்ரா அதன் முதுகைத் தட்டிக்கொடுத்து, நீளக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.